மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள்: கூத்து ஒலிச் சேகரிப்பின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

நீங்கள் அண்மையில் அனுப்பிய சுற்றறிக்கையில் மூன்று முடிவுகள் இருக்கின்றன. சேகரிப்பிலுள்ள எம்பி3 கோப்புகள் அனைத்தும் நொடிக்கு 192 கிலோபிட் அளவில் ஓக் வோர்பிஸ் என்ற திறந்த ஒலிச்சுருக்க வடிவத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன, அதனால் ஒலித்தரம் உயர்ந்திருக்கிறது என்பது முதலாவது. கேசட்டிலிருந்து ஏற்றிய ஒலியை இழப்பில்லாமல் வைத்திருக்கும், இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஃப்ளாக் கோப்புகளை ஒரு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நீக்கிவிட்டீர்கள், இன்னொன்றிலிருந்தும் நீக்கப்போகிறீர்கள் என்பது அடுத்தது. மாதக் கடைசிக்குள் உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளாத கேசட்டுகள் அப்புறப்படுத்தப்படும் என்பது மூன்றாவது. மூன்றையும் நிறுத்தச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். ஒட்டிய கவரில் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் கேசட்டுகளைக் கொடுத்த ஜமாக்கள் என்ற கூத்துக் குழுக்களுக்கும் பாடகர் வீடுகளுக்கும் இந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரவே இல்லை.

நான் ஆற்காடு, திமிரி, கலவை சுற்றுவட்டாரத்தில் மைக் செட் போட்டுப் பிழைத்தவன். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில் பகலில் பிரசங்கத்துக்கும் இரவில் கூத்துக்கும் குழாய் கட்டுவது என் வேலை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கேசட் டெக்கில் சொருகிப் பதிவு செய்யத் தொடங்கினோம். பின்னாளில் தனியாக இரண்டு மைக் வைத்து, ஒன்றைப் பின்பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கமும் இன்னொன்றை ஆட்டம் நடக்கும் களரிக்குப் பக்கமும் கட்டி ஸ்டீரியோவாகவே எடுத்தோம். 90 நிமிடக் கேசட்டில் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்ற வேண்டும். மேளக்கட்டு என்ற தொடக்க வாசிப்பிலிருந்து விடியும்வரை நடக்கிற கூத்துக்கு ஐந்தாறு கேசட் ஆகும். அர்ச்சுனன் தபசும் கர்ண மோட்சமும் பதினெட்டாம் போரும் எங்கள் பக்கத்து ஜமாக்கள் பாடியபடி இருப்பது இந்தக் கேசட்டுகளில்தான். பாடியவர்கள் பலர் இன்று இல்லை.

1989-இல் வட ஆற்காடு இரண்டு மாவட்டமானது. 2019-இல் வேலூரும் மூன்றாகப் பிரிந்தது. கூத்துக்கு இந்த எல்லை எதுவும் கிடையாது. செய்யாற்றுப் பக்கத்து ஜமா சோளிங்கர் பக்கம் வந்து ஆடும், ஆரணிப் பக்கத்தில் முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் வாசிப்பவர் அணைக்கட்டு வரைக்கும் போவார். அதனால்தான் பழைய வட ஆற்காடு முழுவதற்கும் ஒரே சேகரிப்பு என்று நீங்கள் தொடங்கியபோது நாங்கள் மகிழ்ந்தோம். அசல் ஒலி அப்படியே பாதுகாக்கப்படும் என்று நீங்கள் எழுதிக் கொடுத்த தாளை நம்பி வீட்டுப் பரணிலிருந்த கேசட்டுகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றை டிஜிட்டலுக்கு ஏற்றும் வேலையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். எதை அழிக்கிறோம் என்று தெரியாமல்தான் இந்த முடிவுக்குக் கை தூக்கியிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

கேசட் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அதில் இரண்டு பக்கத்துக்குமாக நான்கு தடங்கள், ஒவ்வொன்றும் 0.6 மில்லிமீட்டர். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் அது ஒலியைப் படிக்கும் ஹெட்டை உரசிக்கொண்டு போகும். பதிவு செய்த டெக்கின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, போடுகிற டெக்கின் ஹெட்டும் அதே சாய்வில் நின்றால்தான் நாடாவிலுள்ள உச்ச ஒலிகள் முழுதாக வரும். ஒரு நூலிழை தப்பினாலும் மேல் ஒலி மங்கிப்போகும். ஹெட்டுக்குப் பக்கத்தில் இதற்கென்று ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. ஒவ்வொரு கேசட்டுக்கும், சிலவற்றில் ஒவ்வொரு பக்கத்துக்கும், அந்த ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே காதில் ஹெட்ஃபோனோடு கேட்போம். எதை வைத்துச் சரிபார்ப்போம் தெரியுமா? ஜால்ராவை. திருப்பத் திருப்ப அது மந்தமாக இருந்து, ஒரு இடத்தில் பளிச்சென்று திறக்கும். வெண்கலம் வெண்கலத்தில் படுகிற அந்த முதல் தொடுகை தனியாகவும், அதற்குப் பின்னால் நீளும் ரீங்காரம் தனியாகவும் கேட்கும். அந்த இடத்தில் ஸ்க்ரூவை நிறுத்திவிட்டுத்தான் பதிவைத் தொடங்குவோம்.

பல கேசட்டுகளில் நாடாவை அழுத்திப் பிடிக்கும் ஃபெல்ட் துண்டு உதிர்ந்து போயிருந்தது. சிலவற்றில் பூஞ்சை. எங்கள் ஊர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி வெயிலில் தகர ஷீட்டுக்கு அடியில் பல கோடைகள் கிடந்த நாடா அலையலையாக நெளிந்திருந்தது. பழைய கூட்டைத் திறந்து நாடாவை வேறு கூட்டில் மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துத் துடைத்து ஓட்டினோம். இன்னொரு முறை ஓடும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாத கேசட்டுகள் அந்தப் பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றுக்கு ஃப்ளாக் கோப்புதான் மிச்சம். அதைத்தான் 'இடத்தை அடைக்கும் கோப்பு' என்று நீக்கியிருக்கிறீர்கள்.

ஃப்ளாக் என்பது சுருக்கினாலும் எதையும் தூக்கி எறியாத வடிவம். திரும்ப விரித்தால் ஒரு பிட் மாறாமல் பதிவு செய்தது அப்படியே கிடைக்கும். 2001-இல் ஜோஷ் கோல்சன் வெளியிட்டது. கட்டணமும் கிடையாது, காப்புரிமைத் தொல்லையும் கிடையாது. 2024 டிசம்பரில் இணையப் பொறியியல் பணிக்குழு அதை முறையான தரநிலையாகவே வெளியிட்டுவிட்டது. ஒவ்வொரு ஃப்ளாக் கோப்பின் தலைப்பகுதியிலும் அசல் ஒலியின் எம்டி5 கைரேகை, அதாவது அந்த ஒலியிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண், பதிந்திருக்கும். ஒரே ஒரு கட்டளையில் கோப்பு கெட்டிருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம்.

எம்பி3, வோர்பிஸ், இன்னொரு திறந்த வடிவமான ஓபஸ் மூன்றும் வேறு வகை. பெரிய ஒலி கேட்கும்போது அதற்கு அக்கம்பக்கத்து அதிர்வெண்ணிலுள்ள சின்ன ஒலி நம் காதுக்குத் தெரியாது. இந்தக் குணத்தைக் கணக்கில் வைத்து, தெரியாத ஒலி என்று தான் முடிவு செய்வதை இவை கழித்துவிடுகின்றன அல்லது கரடுமுரடாக எழுதிவைக்கின்றன. பிட்ரேட், அதாவது ஒரு நொடி ஒலிக்குச் செலவிடும் பிட்டுகளின் அளவு, தாராளமாக இருந்தால் கழித்தது தெரியாது. குறையக் குறைய, தெரிகிற ஒலியிலும் கை வைக்கும். இதில் திறந்த வடிவம், மூடிய வடிவம் என்ற பேதம் இல்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், உங்கள் சுற்றறிக்கை இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறது. திறந்த வடிவத்துக்கு மாறியதால் தரம் உயர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கும் உரிமத்தொகை கட்டாமல், யார் தயவும் இல்லாமல் நம் கோப்பை என்றைக்கும் திறக்கலாம் என்பது நல்ல விஷயம், பெரிய விஷயம். 1998-இல் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் எம்பி3 மென்பொருள் எழுதியவர்களிடம் உரிமத்தொகை கேட்டுக் கடிதம் அனுப்பிய பிறகுதான் கிறிஸ் மாண்ட்கோமரி வோர்பிஸ் வேலையில் முழு மூச்சாக இறங்கினார். 2002-இல் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. அந்த உழைப்பின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 2017-இல் எம்பி3-இன் உரிமத் திட்டமும் முடிவுக்கு வந்துவிட்டது. இன்று எம்பி3-ஐயும் யாரும் காசு கட்டாமல் பயன்படுத்தலாம். ஆனால் உரிமம் எப்படி இருந்தாலும், ஏற்கெனவே கழித்துவிட்ட ஒலியை எந்த வடிவமும் திருப்பிக் கொண்டுவராது.

உங்கள் எம்பி3 கோப்புகள் எதிலிருந்து வந்தவை? ஃபோனில் பகிர்வதற்காக 64 கிலோபிட்டில் செய்தவை. அவற்றைத்தான் 192 கிலோபிட் வோர்பிஸாக மாற்றியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மணி நேரக் கூத்து 64 கிலோபிட்டில் ஏறக்குறைய 230 மெகாபைட். 192-இல் 690 மெகாபைட். இடம் மூன்று மடங்கு கூடியிருக்கிறது, ஒலி அதனினும் ஒரு படி கெட்டிருக்கிறது. ஏனென்றால் வோர்பிஸ் என்கோடருக்குத் தனக்கு வந்தது ஏற்கெனவே ஒருமுறை அரைத்த ஒலி என்று தெரியாது. எம்பி3 போட்ட சத்தக் கழிவையும் அது கூத்தின் ஒலி என்றே எடுத்துக்கொண்டு, அதற்கும் பிட்டைச் செலவழித்து, தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கழிக்கிறது. ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துச் சுருக்கும்போது ஒன்றின் துண்டு எல்லையும் மற்றொன்றின் துண்டு எல்லையும் ஒத்துப்போவதில்லை. ஒரு மாற்றத்தில் விழுந்த பழுதும் அடுத்த மாற்றத்தில் விழுந்த பழுதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. நாளைக்கு யாராவது ஓபஸ் நல்லது என்று சொல்லி இந்த வோர்பிஸை ஓபஸாக்கினால் இன்னொரு படி இறங்கும்.

நீங்கள் வெளியிட்ட கர்ண மோட்சத்தைக் கேட்டேன். நானே கேசட் மாற்றிய இரவு அது. கர்ணன் விழுந்தபின் வரும் விருத்தம், பின்னால் முகவீணை. முகவீணை சின்னதாக இருந்தாலும் கூர்மையான வாத்தியம், அதன் உச்ச ஒலிகள்தான் அதன் முகம். உங்கள் கோப்பில் அது தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழைகிறது. ஒவ்வொரு மிருதங்க அடிக்கும் ஒரு இம்மி முன்னால் ஒரு 'ஷ்' கேட்கிறது. சுருக்கும் மென்பொருள் ஒலியை இருபத்தைந்து மில்லிநொடி அளவிலான துண்டுகளாக எடுத்துக்கொள்ளும். துண்டின் நடுவில் ஓர் அடி விழுந்தால், பிட் பற்றாத நிலையில் அந்தப் பிழை துண்டு முழுக்கப் பரவி அடிக்கு முன்னாலும் வந்துவிடும். கூத்தில் அடிக்குப் பஞ்சமா? மிருதங்கம், ஜால்ரா, சலங்கை மூன்றும் விடாமல் விழுந்துகொண்டே இருக்கும். வேஷக்காரர் கிறுகிறுவென்று சுற்றி ஆடும் இடத்தில் சலங்கை மணிகள் தனித்தனியாக இல்லை, ஒரே சரசரப்பாக ஓடுகிறது.

கலவைப் பக்கத்து வயசான வாத்தியார் ஒருவர் இதே கோப்பை ஃபோனில் கேட்டுவிட்டு என்னிடம், "இன்னாப்பா இது, நம்ம ஜால்ராவே காணோம்? துணியைச் சுத்திக்கினு தட்டினானா?" என்றார். அந்த ஜால்ராவைத் தட்டியது அவருடைய அண்ணன். அதன் வெண்கலச் சத்தத்தை வைத்துத்தான் நாங்கள் அந்தக் கேசட்டுக்கு ஸ்க்ரூ திருப்பினோம்.

சரி, ஒரு கிழவனுடைய காதும் ஒரு மைக் செட்காரனுடைய காதும் ஆதாரமாகாது என்பீர்களானால், கண்ணால் பார்க்கும் வழியும் இருக்கிறது. ஆடாசிட்டி இலவச மென்பொருள். எந்தக் கோப்பையும் அதில் திறந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். கேசட்டிலிருந்து நேரே ஏற்றிய கோப்பில் நாடாவின் இரைச்சல் அடியிலிருந்து மேல்வரைக்கும் மெல்லிய மூட்டமாகப் படர்ந்திருக்கும், மேலே போகப் போகத் தானாக மங்கும். உங்கள் வோர்பிஸ் கோப்பில் அது 11,000 ஹெர்ட்ஸ் வாக்கில் நேர்கோடாக அறுந்து நிற்கிறது. அதற்கு மேல் கறுப்பு. நாடா அப்படி நிற்காது. 64 கிலோபிட் எம்பி3 தான் அங்கே நிறுத்தியது.

இதைவிட எனக்குத் தூக்கம் கெட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டாவது டிஸ்க்கில் ஃப்ளாக் என்று பெயரிட்ட சில கோப்புகளிலும் அதே நேர்கோட்டைப் பார்த்தேன். அதாவது எம்பி3-ஐத் திறந்து ஃப்ளாக்காகச் சேமித்து, மூலப்பதிவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீர்மோரைக் கொண்டுபோய்ப் பெரிய குடத்தில் ஊற்றினால் தயிராகிவிடாது. எது கேசட்டிலிருந்து நேரே வந்தது, எது எம்பி3-இலிருந்து வந்தது என்று எந்தக் கோப்பிலும் குறிப்பு இல்லை. இந்த நிலையில் ஃப்ளாக்கை நீக்கத் தொடங்கினால் உண்மையான மூலம் போய், போலி மூலம் நிற்கும். ஐம்பது வருடம் கழித்து ஆராய வருகிற பிள்ளை, வட ஆற்காட்டு முகவீணை இப்படித்தான் மங்கலாக இருந்தது என்று எழுதிவைக்கும்.

சுருக்கும் வடிவங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஃப்ளாக்கிலிருந்து நேரே, ஆறாம் தர அளவில், அதாவது ஏறக்குறைய 192 கிலோபிட்டில் வோர்பிஸ் செய்து, எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டு நானும் மிருதங்கக்காரர் ஒருவரும் கேட்டோம். எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதே பாட்டை உங்கள் 64-இலிருந்து 192-க்குப் போன கோப்போடு வைத்துக் கேட்டபோது, தாளம் விழுந்த முதல் அடியிலேயே இருவரும் ஒன்றாகச் சொன்னோம். எண் இரண்டிலும் 192 தான். எங்கிருந்து வந்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கேட்பதற்குச் சுருக்கிய கோப்பு போதும் என்றாகிவிட்டால் ஃப்ளாக் எதற்கு என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். நியாயமான கேள்வி. கூத்துப் பதிவை யாரும் சும்மா கேட்பதற்காக மட்டும் வைத்திருப்பதில்லை. செய்யாற்றுப் பக்கத்து ஜமா ஒன்றில் வேஷம் கட்டப் பழகும் பையன்கள் பழைய தருவை, அதாவது கூத்துப் பாட்டை, ஃபோனில் பாதி வேகத்தில் ஓட்டி, அடவுக்கும் சொற்கட்டுக்கும் எங்கே பிடிப்பு என்று பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். வேகத்தைக் குறைத்தால் மென்பொருள் மறைத்து வைத்த பழுதெல்லாம் வெளியே வந்துவிடும். வழக்கமான வேகத்தில், வழக்கமான அளவில் காதுக்குத் தெரியாது என்ற கணக்கில்தானே அது கழித்தது? வேகத்தை மாற்றினால் அந்தக் கணக்கே தப்பு.

பின்பாட்டும் அப்படித்தான். முன்னால் பாடுகிற வாத்தியாரின் குரல் பெரிதாக இருக்கும்போது பின்னால் வாங்கிப் பாடுகிறவரின் குரலைத்தான் மென்பொருள் முதலில் கழிக்கும். நாளைக்கு அந்தப் பின்பாட்டுக்காரருடைய பேத்தி, தாத்தா குரலைத் தூக்கிக் காட்டுங்கள் என்று வந்தால், ஃப்ளாக்கில் ஈக்வலைசர் போட்டுத் தூக்கிக் கொடுக்க முடியும். உங்கள் கோப்பில் தூக்கினால் ஓட்டைதான் வரும். பெஞ்சுப் பக்கம் ஒரு மைக், களரிப் பக்கம் ஒரு மைக் என்று நாங்கள் பிரித்து வைத்ததும் குறைந்த பிட்ரேட்டில் கலங்கிப் போய்விட்டது. குரல் பெஞ்சிலிருந்து வருகிறதா, ஆட்டக்களத்திலிருந்து வருகிறதா என்று இப்போது தெரியவில்லை. கட்டியக்காரன் ஒன்று சொல்ல, பெஞ்சிலிருந்து எதிர்ப்பேச்சு வருவதுதான் கூத்தின் உயிர்.

நாடா இரைச்சலை நீக்குவதும் இதோடு சேர்ந்ததுதான். இரைச்சல் நீக்கும் வசதியைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கோப்பிலும் ஓட்டினால் இரைச்சலோடு சலங்கையின் வாலும் போகும். கேட்பவர்களுக்கான நகலில் செய்யுங்கள். மூலத்தில் வேண்டாம்.

இடப் பற்றாக்குறை என்று எழுதியிருக்கிறீர்கள். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஏற்றிய ஸ்டீரியோ ஒலி மணிக்கு ஒரு ஜிகாபைட்டுக்குக் கொஞ்சம் கூட. ஃப்ளாக்காகச் சுருக்கினால் எட்டு மணி நேரக் கூத்து ஆறு ஜிகாபைட்டுக்குள் அடங்கும். இரைச்சல் இருப்பதால் கேசட் ஒலி அதற்கு மேல் சுருங்காது. ஒரு டெராபைட் டிஸ்க்கில் 160 இரவுகளுக்கு மேல் வைக்கலாம். அந்த டிஸ்க்கின் விலை ஓர் இரவுக் கூத்துக்கு மைக் செட் வாடகை என்று நாங்கள் வாங்குவதில் அடங்கிவிடும். பணம்தான் தடை என்றால் ஊரைக் கேளுங்கள். படுகளத்துக்குத் துரியோதனன் உருவத்தை மண்ணில் பிடிக்கத் தலைக்கட்டு வரி கொடுக்கிற ஊர்கள் இவை. தங்கள் கூத்து அழியாமல் இருக்க ஒரு டிஸ்க் வாங்கித் தர மாட்டார்களா?

பழைய ஃபோன், கார் பிளேயர், பென் டிரைவ் ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு எம்பி3 தேவை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அதற்கு எம்பி3 நகல் கொடுங்கள். இன்றைய ஆண்ட்ராய்டு ஃபோன்களில் வோர்பிஸும் ஓபஸும் தாராளமாக ஓடும். வாட்ஸப்பில் நாம் அனுப்பும் குரல் செய்தியே ஓபஸ்தான். பேச்சாக இருக்கிற பாரதப் பிரசங்கத்துக்கு ஓபஸ் மிகக் குறைந்த பிட்ரேட்டிலும் தெளிவாக நிற்கும். முகவீணையும் ஜால்ராவும் இருக்கிற கூத்துக்கு 128 கிலோபிட் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டு இரவோடு இரவாக ஓட்டியதுதான் சரியில்லை.

என் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்தக் கோப்பையும் நீக்காதீர்கள். இதற்குக் கூட்டம் கூடும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த மடலைப் படித்த அன்றே சொல்லிவிடுங்கள். முதல் டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாமல், கம்ப்யூட்டரிலிருந்து கழற்றித் தனியே எடுத்து வையுங்கள். நீக்கிய கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை, அதன் இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை மீட்டெடுக்க வாய்ப்பு இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அந்த டிஸ்க்கைப் பயன்படுத்தப் பயன்படுத்த அந்த வாய்ப்பு குறைகிறது. மீட்கத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள், செலவில் பங்கு போட நானும் இன்னும் சிலரும் தயார்.

மாதக் கடைசி என்ற கெடுவை ரத்து செய்யுங்கள். கேசட்டுகளை வெயில் படாத, ஈரம் ஏறாத அறையில் நிற்கவைத்து அடுக்குங்கள். உங்களிடம் அறை இல்லை என்றால் எழுத்தில் சொல்லுங்கள். கொடுத்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகத் தகவல் சொல்லி, திரும்ப வாங்கிக்கொள்ள ஆறு மாதமாவது அவகாசம் கொடுங்கள். கொடுத்தவர் இறந்திருந்தால் பிள்ளைகளைத் தேடிச் சொல்ல வேண்டும்.

192 வோர்பிஸ் கோப்புகளை இறக்கிவிட்டு, ஃப்ளாக் உள்ளவற்றுக்கு ஃப்ளாக்கிலிருந்து நேரே புதிய நகல் செய்யுங்கள். ஃப்ளாக் போய்விட்டவற்றில் கேசட் இன்னும் ஓடும் நிலையில் இருந்தால் மறுபடி ஏற்றுங்கள். டெக்கும் என் நேரமும் தருகிறேன், கூலி வேண்டாம். இரண்டுமே இல்லை என்றால் அந்த 64 கிலோபிட் எம்பி3-ஐ அப்படியே வையுங்கள், வேறு எதற்கும் மாற்றாதீர்கள். இனி மிஞ்சியிருப்பதில் அதுதான் அசலுக்குக் கிட்டத்தில் இருப்பது.

ஒவ்வொரு கோப்போடும் அது எந்தக் கேசட், எந்தப் பக்கம், எந்த ஊர், எந்த ஜமா, எதிலிருந்து எதற்கு மாற்றப்பட்டது என்ற குறிப்பைச் சேருங்கள். ஃப்ளாக் என்று பெயரிட்ட எல்லாவற்றையும் ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்து, எம்பி3-இலிருந்து வந்தவற்றைத் தனியே பிரித்து அப்படியே பெயரிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை எம்டி5 சோதனை ஓட்டி முடிவை வெளியிடுங்கள். மூலக் கோப்புகளுக்கு இரண்டு பிரதிகள் இரு வேறு ஊர்களில் இருக்கட்டும். ஒன்று வேலூரில் என்றால் மற்றொன்று செய்யாற்றிலோ ஆரணியிலோ இருக்கலாம்.

மூலத்தைத் தொடுகிற எந்த முடிவையும் ஜமாக்களின் ஆட்கள் இரண்டு பேராவது இல்லாத கூட்டத்தில் எடுக்காதீர்கள். அடுத்த கூட்டத்தின் தேதியை முன்கூட்டியே அறிவியுங்கள். வாத்தியார்களை நான் அழைத்து வருகிறேன். இரண்டு ஸ்பீக்கரும் அந்தக் கர்ண மோட்சத்தின் இரண்டு கோப்புகளும் கொண்டு வருகிறேன். கேட்டுவிட்டு, சுற்றறிக்கையின் மூன்று முடிவுகளுக்கும் தனித்தனியாக எழுத்தில் பதில் கொடுங்கள்.

இப்படிக்கு,
கேசட் கொடுத்தவர்களில் ஒருவன்,
ஆற்காடு